சர்க்கரை இல்லாத தெரியாகி சிக்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரியாகி என்பது என்ன? அதில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

ஜப்பானிய மொழியில் 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாகி' என்றால் தீயில் வாட்டியது. சாஸ் கறியின் மேல் கண்ணாடி மாதிரி மினுக்க வேண்டும். பெயரே அதற்காக வந்ததுதான். ஜப்பானில் கோழித்தொடையை மட்டுமல்ல, 'புரி' என்ற மீனையும் இப்படிச் செய்வார்கள். சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), சாக்கே (ஜப்பானிய அரிசி மது), கொஞ்சம் சர்க்கரை. வீட்டு சாஸ் அவ்வளவுதான். பூண்டு, அன்னாசிச் சாறு, சோளமாவு போன்ற சேர்மானங்களை ஹவாய், அமெரிக்கப் பாணித் தெரியாகியில்தான் அதிகம் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாட்டிலில் தோஷி காசஹாரா 1976-ல் கடை திறந்த பிறகு, தெரியாகி அந்த ஊரின் அன்றாட உணவாகவே ஆகிவிட்டது.

சர்க்கரை போடும்போது கண்ணுக்குத் தெரியும். மிரின் அப்படியல்ல. அசல் மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் இருப்பதால் அதை ஒயின் கணக்கில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் அதன் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் சர்க்கரைதான். அரைக் கிலோ கறிக்கு வழக்கமாக ஊற்றும் 4 டேபிள்ஸ்பூன் மிரினிலேயே ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரைக்கு 12 கிராம். சோயா சாஸையும் சாக்கேயையும் கூட்டினால் ஒரு சட்டிக்கு 45 முதல் 50 கிராம். சோறு இதில் சேரவில்லை.

சர்க்கரையை நிறுத்திவிட்டு ஸ்டீவியா நாலு சொட்டு விட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இனிப்பு சரியாகவே இருக்கும், ஆனால் தட்டில் வைத்ததும் சாஸ் ரசம் மாதிரி ஓடிப்போய், கறி வெறுமனே நனைந்து கிடக்கும்.

இந்தச் சமையலில் சர்க்கரைக்கு நாலு வேலை: இனிப்பு, கெட்டித்தன்மை, பளபளப்பு, பொன்னிறம். நாலையும் ஒரே ஆளாகச் செய்யும் மாற்றுப்பொருளைத் தேடினால் ஏமாற்றம்தான். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இனிப்புக்கு இனிப்பூட்டி, கெட்டிக்குத் துளி சாந்தன் கம் (சாஸைக் கெட்டியாக்கும் ஒரு பொடி), பளபளப்புக்கு எலும்புச் சாற்றில் இருக்கும் ஜெலட்டின். பொன்னிறத்தைக் கோழித்தோலே பார்த்துக்கொள்ளும். கீழே உள்ள அளவுகளெல்லாம் இந்தக் கணக்கில் வந்தவை.

மூன்று பேருக்கு என்னென்ன, எவ்வளவு?

- எலும்பு நீக்கிய, தோலோடு கூடிய கோழித்தொடை: 500 கிராம் (4 துண்டு)
- இயற்கையாக நொதித்த சோயா சாஸ்: 3 டேபிள்ஸ்பூன் (45 மி.லி.)
- உப்புப் போடாத கோழி எலும்புச் சாறு: 150 மி.லி.
- எரித்ரிட்டால் பொடி (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பூட்டி): 1 டேபிள்ஸ்பூன் (12 கிராம்)
- சுக்ரலோஸ் அல்லது ஸ்டீவியா: ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரைக்கு ஈடான அளவு
- அரிசி வினிகர்: 1 டீஸ்பூன்
- இஞ்சி: கட்டைவிரல் நுனியளவு, துருவிப் பிழிந்த சாறு மட்டும்
- சாந்தன் கம்: ⅛ டீஸ்பூன். குவித்து எடுக்கக் கூடாது, தலைதட்டி எடுக்க வேண்டும்
- எண்ணெய்: 1 டீஸ்பூன், சாந்தன் கம் குழைக்க மட்டும்
- வறுத்த வெள்ளை எள்: 1 டீஸ்பூன்

கறிக்குத் தனியாக உப்பு வேண்டாம். ஏன் என்று பிறகு வரும்.

எலும்புச் சாறு கட்டாயமா? கடையில் விற்கும் க்யூபைக் கரைத்துக்கொள்ளலாமா?

க்யூப் வேண்டாம். அதில் உப்பும் மாவும்தான் அதிகம், சில வகைகளில் சர்க்கரையே இருக்கும். நமக்கு வேண்டிய ஜெலட்டின் அதில் இல்லை.

கறிக்கடையில் கோழிக்கால் மலிவாகக் கிடைக்கும். கால் கிலோ வாங்கி நகத்தை வெட்டிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் குக்கரில் 45 நிமிடம் சிம்மில் வைத்து, வடிகட்டி, பிறகு திறந்த பாத்திரத்தில் 400 மி.லி. வரும்வரை வற்றவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஜெல்லி மாதிரி ஆட வேண்டும். ஆடாமல் தண்ணீராகவே கிடந்தால் இன்னும் வற்ற வேண்டும் என்று அர்த்தம். உதட்டில் ஒட்டுகிற அந்தப் பிசுபிசுப்பும் பளபளப்பும் இதிலிருந்துதான் வருகின்றன. மிரின் இல்லாத குறையை இதைப் போல வேறெதுவும் தீர்ப்பதில்லை.

அவசரம் என்றால் சுவையூட்டாத ஜெலட்டின் தூள் ஒரு டீஸ்பூன் (3 கிராம்) எடுத்து 2 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, 120 மி.லி. தண்ணீரோடு சேர்க்கலாம். ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் எதிலிருந்து எடுத்தது என்பது முக்கியமென்றால் பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்.

செய்முறை?

தொடையின் தோலை டிஷ்யூ பேப்பரால் நன்றாக ஒற்றி எடுத்து, தட்டில் தோல் மேலே தெரியும்படி பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். மற்ற கறியின் மேலோ சாப்பிடத் தயாரான பண்டங்களின் மேலோ சொட்டாமல் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது. தோல் தொட்டுப் பார்த்தால் காகிதம் போல இருக்க வேண்டும்.

இதற்கிடையே சாஸ். எலும்புச் சாறு, சோயா சாஸ், வினிகர், எரித்ரிட்டால் நான்கையும் சின்னப் பாத்திரத்தில் மிதமான தீயில் 6 முதல் 8 நிமிடம் கொதிக்கவிட்டு, மொத்தம் 120 மி.லி. அளவுக்கு வற்றவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு இஞ்சிச் சாறும் மற்ற இனிப்பூட்டியும் சேர்க்கலாம். சாந்தன் கம்மை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் குழைத்து, ஒரு கையால் சாஸைக் கலக்கிக்கொண்டே இன்னொரு கையால் மெல்லிய நூலாக ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் கெட்டிப்படும். அதற்குள் "இறுகவே இல்லையே" என்று இன்னொரு சிட்டிகை போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும்.

இனி கறி. சூடேறாத வாணலி அல்லது இரும்புக் கல்லில் தோல் கீழே இருக்கும்படி துண்டுகளை அடுக்கி, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். எண்ணெய் வேண்டாம். மிதமான தீ. மேலே கனமான இன்னொரு பாத்திரத்தை வைத்து அழுத்தினால் தோல் சுருளாது. 8 முதல் 10 நிமிடம் தொடவே கூடாது. சடசடவென்று இருந்த சத்தம் மெல்ல அடங்கும்போது தோலிலிருந்த நீர் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தோல் தானாகவே கல்லை விட்டுவிடும். பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால் இன்னும் நேரமாகவில்லை.

திருப்பிப் போட்டு 4 நிமிடம். கல்லில் தேங்கிய கொழுப்பை வடித்துவிட்டு ஒரு டீஸ்பூன் அளவு மட்டும் விட்டுவையுங்கள். சாஸை ஊற்றி 2 நிமிடம் குமிழியிட விட்டு, கரண்டியால் மொண்டு மொண்டு கறியின் மேல் ஊற்றுங்கள். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அப்போது இறக்கலாம். உள் வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வெந்ததாகக் கணக்கு. தொடைக்கறி 80-ஐத் தாண்டினால்தான் நரம்பு இளகி இன்னும் மிருதுவாக வரும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, குறுக்கே விரல் அகலத்துக்கு வெட்டி எள் தூவுங்கள்.

கறியை ராத்திரியே சாஸில் ஊறவைக்கலாமா?

நம் ஊர் மசாலாக் கறிக்குப் பழகிய கை அப்படித்தான் போகும். தெரியாகிக்கு அது தேவையில்லை. ஊறிய தோல் ஈரமாக இருக்கும், முறுகாது. சோயாவிலுள்ள உப்பும் உள்ளே இறங்கிவிடும். சாஸ் மேற்பூச்சாகத்தான் இருக்க வேண்டும்.

சாஸ் கறியில் ஒட்டாமல் வழிகிறது. என்ன தப்பு?

கல்லில் கொழுப்பை வடிக்காமல் விட்டிருப்பீர்கள். தோலோடு கூடிய அரைக் கிலோ தொடையிலிருந்து இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கொழுப்பு உருகி வரும். அதன் மேல் சாஸை ஊற்றினால் எண்ணெய் தனி, சாஸ் தனி என்று பிரிந்து நிற்கும். அடுத்த காரணம், தோல் முறுகும் முன்பே ஊற்றிவிடுவது. மூன்றாவதாக, மூடிபோட்டு வேகவைப்பது. மூடியில் கோத்த நீரெல்லாம் சாஸில் சொட்டி நீர்த்துவிடும்.

மறுநாள் எடுத்தால் சாஸில் மணல் மாதிரி நறநறக்கிறதே?

எரித்ரிட்டாலின் குணம் அது. சூட்டில் நன்றாகக் கரையும், குளிர்ந்தால் தாங்காமல் படிகமாகப் பிரிந்து நிற்கும். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 60 கிராம்தான் கரையும். சர்க்கரையானால் அதே தண்ணீரில் 200 கிராமே கரைந்துவிடும். சாஸ் வற்ற வற்றத் தண்ணீர் குறைகிறது, எரித்ரிட்டால் குறைவதில்லை. இனிப்பு முழுவதையும் எரித்ரிட்டாலிலேயே கொண்டுவரப் போனால் தட்டிலேயே படிகம் கட்டும், நாக்கில் புதினா மிட்டாய் போல ஒரு குளிர்ச்சியும் வரும். பளபளப்பும் போய் சாஸ் மங்கிவிடும்.

அதனால்தான் மேலே ஒரு டேபிள்ஸ்பூனோடு நிறுத்தியிருக்கிறோம். மிச்ச இனிப்பைச் சுக்ரலோஸோ ஸ்டீவியாவோ கொடுத்துவிடும். ஏற்கெனவே நறநறத்துவிட்டதா? ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேர்த்து மெதுவாகச் சூடாக்கினால் திரும்பக் கரைந்துவிடும்.

எந்த இனிப்பூட்டி நல்லது?

இந்தச் சமையலுக்கு மட்டும் என்று கேட்டால், கிடைக்கிற இடத்தில் அல்லுலோஸ்தான் முதலிடம். படிகம் கட்டாது, சாஸுக்குக் கனம் தரும், சர்க்கரை மாதிரியே நிறமும் மாறும். இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம். 2 டேபிள்ஸ்பூன் போட்டால் வேறு இனிப்பூட்டி வேண்டாம், சாந்தன் கம்மையும் பாதியாக்கலாம். ஆனால் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கருகும். கடைசி இரண்டு நிமிடம் சிம்மில்தான் இருக்க வேண்டும். சாஸின் விளிம்பில் கருங்கோடு தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் போனால் கசப்புதான்.

ஸ்டீவியா, அதாவது சீனித்துளசி, அளவு மீறினால் நாக்கின் அடியில் கசக்கும். சோயாவின் உப்பு அந்தக் கசப்பைக் கொஞ்சம் மறைப்பதால், டீயில் உறுத்துகிற அளவு இதில் உறுத்தாது. சுக்ரலோஸ் அடுப்புச் சூட்டைத் தாங்கும், இருந்தாலும் கடைசியில் சேர்ப்பதே உத்தமம். தூளாக விற்பதில் அளவைக் கூட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும், அது மாவுச்சத்து. சொட்டு மருந்து போல் வரும் திரவம் நல்லது. அஸ்பார்டேம் கொதிக்கவைத்தால் சிதைந்து இனிப்பே போய்விடும், வேண்டாம். 'சுகர் ஃப்ரீ' சாக்லேட்டுகளில் வரும் மால்டிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. அதுவும் வேண்டாம். சைலிட்டால் வாங்கினால் வீட்டு நாய்க்கு எட்டாமல் வையுங்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவே நாயின் உயிரைப் பறித்துவிடும்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் சேர்க்கலாம்தானே? இயற்கையானதுதானே?

இயற்கையானதுதான். சர்க்கரையும்தான். ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் 17 கிராம் மாவுச்சத்து. கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ். இவற்றைப் போட்டுவிட்டு 'சர்க்கரை இல்லாதது' என்று சொல்வது சொல்விளையாட்டு.

எந்த சோயா சாஸ் வாங்குவது?

பாட்டிலின் பின்பக்கம் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று நாலே பொருள் இருந்தால் வாங்குங்கள். 100 மி.லி.க்கு மாவுச்சத்து 5 முதல் 8 கிராமுக்குள் இருக்கும். கோதுமையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நொதிக்கும்போது அதன் மாவில் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. பசையம், அதாவது குளூட்டன், ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கோதுமை சேராத தமாரி வாங்க வேண்டும்.

'டார்க்' என்று விற்கும் பல பாட்டில்களில் சர்க்கரையும் கேரமல் நிறமும் சேர்ந்திருக்கும். ஃப்ரைடு ரைஸுக்கு அது போதும், இதற்கு ஆகாது. சோயாவுக்கு மாற்று என்று சொல்லப்படும் தேங்காய் அமினோஸ் தென்னம்பூவின் இனிப்பு நீரிலிருந்து வருவது. அதை ஊற்றினால் சர்க்கரை பின்வாசல் வழியாக வந்துவிடும்.

சாக்கே, மிரின் இரண்டும் இல்லாமல் செய்தால் அது தெரியாகியா?

சாக்கேயின் வேலை கோழியின் கவிச்சியை அடக்குவதும் சாஸுக்கு ஒரு மணம் தருவதும். இஞ்சிச் சாறும் வினிகரும் அதில் முக்கால்வாசியைச் செய்துவிடும். மது புழங்கும் வீடு என்றால் 2 டேபிள்ஸ்பூன் சாக்கே அல்லது புளிப்பான வெள்ளை ஒயின் ஊற்றி வற்றவிடலாம், கூடும் மாவுச்சத்து ஒன்றிரண்டு கிராம்தான். மிரினுக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. 'மிரின் போன்றது' என்று குறைந்த விலைக்கு வரும் பாட்டில் பெரும்பாலும் குளுக்கோஸ் பாகு.

சாந்தன் கம்முக்குப் பதில் சோளமாவு ஒரு ஸ்பூன் போட்டால் என்ன?

ஒரு டேபிள்ஸ்பூன் சோளமாவு 7 கிராம் மாவுச்சத்து. மூன்று பேருக்குப் பிரித்தால் தலைக்கு இரண்டு கிராம் சொச்சம். மாவுச்சத்தை மிதமாகக் குறைப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, தாராளமாகப் போடலாம். கீட்டோ, அதாவது மாவுச்சத்தை மிகக் குறைத்த உணவு முறையில், நாளுக்கு 20 கிராமுக்குள் நிற்பவர்களுக்குத்தான் சாந்தன் கம் அவசியம். அதை நேராகச் சாஸில் தூவினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து மீன்முட்டை மாதிரி உருண்டுகொள்ளும், எவ்வளவு கலக்கினாலும் உடையாது. எண்ணெயில் குழைத்தால் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து போய் நனையும்.

எங்கள் ஊர்க் கறிக்கடையில் தோலை உரித்துத்தான் தருகிறார்கள்.

வெட்டும் முன்பே சொன்னால் தோலோடு தருவார்கள். லெக் பீஸ் இரண்டு வாங்கி, "எலும்பை மட்டும் எடுத்து விரிச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள். அந்த எலும்பை விடாமல் வாங்கிவந்தால் சாறுக்கு ஆகும்.

நெஞ்சுக்கறிதான் இருக்கிறது என்றால் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் துண்டு போட்டு, அரை டீஸ்பூன் சமையல் சோடாவை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பிசறி, 15 நிமிடம் கழித்து நன்றாகக் கழுவி ஒற்றிவிடுங்கள். அரைக் கிலோவுக்கு இந்த அளவு. கழுவாமல் விட்டால் சோப்பு வாடை வரும். பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பக்கத்துக்கு 3 நிமிடம். தோலின் முறுகல் இதில் கிடைக்காது. நேர்மையாகச் சொன்னால் இது இரண்டாம் தரம்தான்.

ஏர் ஃப்ரையரில்?

200 டிகிரி, தோல் மேலே, 18 முதல் 20 நிமிடம். சாஸைக் கடைசி 3 நிமிடத்தில் மட்டும் பிரஷ்ஷால் பூசுங்கள். சாஸ் அடுப்பில் தனியாகக் கெட்டியாகியிருக்க வேண்டும்.

உப்பு தூக்கலாகத் தெரிகிறது. சோயா அளவு சரிதானே?

அளவு சரி. இனிப்பு குறையும்போது அதே உப்பு நாக்குக்கு அதிகமாகத் தெரியும். அதனால்தான் வழக்கமான 4 டேபிள்ஸ்பூனை 3 ஆக்கி, கறியில் உப்பே போடவில்லை. அப்படியும் ஒருவர் பங்கில் 900 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குள் நிற்கச் சொல்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் குறைத்த சோயா சாஸ் வாங்கிக்கொண்டு, தட்டில் வழியும் சாஸை வழித்துச் சாப்பிடாமல் விட்டுவிடலாம்.

சோறு இல்லாமல் எதோடு சாப்பிடுவது?

ஜப்பானியர் செய்வதுபோல நூலாக அரிந்த பச்சை முட்டைக்கோஸைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, குவியலாக வைத்து மேலே கறியை அடுக்குங்கள். சாஸ் இறங்கிய கோஸுக்கு ஈடு இல்லை. காலிஃபிளவர் சாதம் என்றால் துருவியதை அகலமான வாணலியில் மூடாமல் 4, 5 நிமிடம் அதிகத் தீயில் வதக்க வேண்டும். மூடினால் உப்புமா. வெந்த அரிசிச் சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து, காலிஃபிளவரில் 5.

ஒருவர் பங்குக்கு மாவுச்சத்து எவ்வளவு?

சோயா சாஸ் 3 கிராம், இஞ்சியும் எள்ளும் சேர்ந்து 2, மற்றவை எல்லாம் ஒன்றுக்குள். மொத்தம் 6 கிராம், ஆளுக்கு 2. எரித்ரிட்டால் உடலில் குளுக்கோஸாக மாறாமல் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடுவதால் அதைக் கழித்த கணக்கு இது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா? இனிப்பூட்டிகளைப் பற்றி ஏதேதோ சொல்கிறார்களே?

கறியும் கோஸும் மட்டும் என்றால் ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாது. அதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வழக்கமான சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் தாழ்சர்க்கரை வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் கூடிப்போகும் நிலை, வரும் ஆபத்து உண்டு. ஒருவேளைக்கு இதைச் சாப்பிடுவது வேறு, உணவு முறையையே மாற்றுவது வேறு. மாற்றுவதானால் மருந்தின் அளவை முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் காட்டியது. தொடர்பைத்தான் காட்டியது, எரித்ரிட்டாலே காரணம் என்று நிறுவவில்லை. நம் உடலும் அதைக் கொஞ்சம் தயாரிக்கிறது என்பதால் விஷயம் சிக்கலானது. அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடை குறைக்க ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்றவற்றை நம்ப வேண்டாம் என்று வழிகாட்டியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. இந்தச் சமையலில் ஒருவருக்கு வருவது 4 கிராம் எரித்ரிட்டால். இதய நோய் உள்ளவர்களுக்குத் தயக்கம் இருந்தால் எரித்ரிட்டாலை விட்டுவிட்டு, ஸ்டீவியாவை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கெட்டிக்கும் பளபளப்புக்கும் எலும்புச் சாறு இருக்கவே இருக்கிறது.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

கறி மூன்று நாள், கறி படாத சாஸ் மூடிய பாட்டிலில் ஒரு வாரம், இரண்டும் ஃப்ரிட்ஜில். சாஸ் ஜெல்லியாக உறைந்திருந்தால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், அது எலும்புச் சாறு செய்த வேலை. கறியைச் சூடாக்கும்போது மைக்ரோவேவ் வேண்டாம், தோல் ரப்பராகிவிடும். கல்லில் தோலைக் கீழே வைத்து மூன்று நிமிடம், பிறகு சாஸோடு இரண்டு ஸ்பூன் தண்ணீர்.